வெள்ளையாக விழுந்த பொட்டு

கடைக்காரர் இரண்டு வழி சொன்னால், அதில் எது அவருக்கு லாபம் என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். மீன் கடையிலிருந்து மூக்குக்கண்ணாடிக் கடைவரை இதே புத்திதான். போன மாதம் மருமகளோடு ஈப்போவில் அழைப்புப் பத்திரிகை அடிக்கும் கடைக்குப் போயிருந்தேன். அங்கிருந்த பெண், "டிஜிட்டலா, ஆப்செட்டா ஆன்ட்டி?" என்று கேட்டாள். "ரெண்டுலயும் படத்தத் தொடச்சுக் குடுக்கிறது யாரு?" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. மருமகள் என் கையைப் பிடித்து மெல்ல அழுத்தினாள். வெளியிடத்தில் வாயைக் குறை என்று அர்த்தம்.

எண்பதுகளின் நடுவில் எங்களுக்கும் இப்படி ஒரு கேள்வி வந்தது. அப்போது டிஜிட்டல் என்ற சொல் கைக்கடிகாரத்தோடு சரி. எங்கள் கேள்வி, போட்டோஸ்டேட்டா ஆப்செட்டா என்பது.

சிலிம் ரிவருக்கு உள்ளே இருந்தது எங்கள் தோட்டம். ரப்பர் மரங்களைச் சாய்த்துச் செம்பனை போட்டார்கள். பிறகு எங்கள் டிவிஷனை வேறு கம்பெனிக்கு விற்றார்கள். நீங்கள் குடியிருக்கும் லயங்களை இடிக்கப் போகிறோம், காலி செய்யுங்கள் என்று கடிதம் வந்தது. அதற்குள்ளாகவே பாதிப் பேர் ஈப்போவுக்கும் ஆயர் தாவாருக்கும் கோலாலம்பூருக்கும் போய்விட்டிருந்தோம். தோட்டத்து மாரியம்மனுக்குக் கடைசியாக ஒரு திருவிழா எடுப்பது, அன்றைக்கு வீட்டுக்கொரு புத்தகம் கொடுப்பது என்று முடிவானது. குடும்பத்துக்கு ஒரு படம். படத்துக்குக் கீழே இரண்டு வரி: யார், எந்த லயம், என்ன வேலை. இறந்து போனவர் என்றால் பெயருக்கு முன்னால் அமரர்.

புத்தக வேலைக்கு மூன்று பேர். ஒருவர் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். இன்னொருவர் என் சித்தப்பா, அப்பாவின் ஒரே தம்பி; ஈப்போவில் லாரி ஓட்டினார். மூன்றாவது நான். வக்கீல் ஆபீஸில் தட்டச்சு வேலை பார்த்தேன். பொழுது விடிந்தால் அடுத்தவர் ஏமாற்றிய கதைகளை அடித்துக்கொண்டிருந்தால் மனுஷி எப்படி யாரை நம்புவாள்?

எங்கள் வீட்டுக்கென்று இருந்தது ஒரே ஒரு படம். அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் அம்மா நிற்பாள். அம்மா நெற்றியில் ஐந்து காசு அகலத்துக்குப் பொட்டு. அப்பா இந்தியாவுக்குக் கப்பல் ஏறுவதற்கு முந்தைய வாரம் டவுன் ஸ்டூடியோவில் எடுத்தது. அப்பாவிடம் இருந்தது குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டை. எழுபதுகளின் தொடக்கத்தில் அவருக்கு வேலை பெர்மிட் புதுப்பித்துத் தரவில்லை. அம்மாவுக்கும் எனக்கும் குடிமக்களுக்கான நீல அட்டை. ஊருக்குப் போய் நிலத்தைப் பார்த்துவிட்டு, ஏதாவது வழி பண்ணிக்கொண்டு திரும்பி வருகிறேன் என்று போனார். முதல் வருஷம் மூன்று கடிதம் வந்தது. அப்புறம் ஒன்றும் இல்லை.

அம்மா பொட்டை விடவில்லை. விடியுமுன் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்துக்குப் போகும்போதே, மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில், கையகலக் கண்ணாடியைப் பார்த்து வைத்துக்கொள்வாள். ரப்பர் பால் வெட்டிவிட்டு வேர்த்து விறுவிறுத்து வந்தாலும் அது கலையாமல் இருக்கும். "ஆளக் காணோம், பொட்டுக்கு மட்டும் கொறச்சல் இல்ல," என்று குழாயடியில் பேசுவார்கள். அம்மா காதில் விழும்படிதான் பேசுவார்கள். எழுபதுகள் முடியும் சமயத்தில் அம்மா காய்ச்சலில் இறந்தாள். சுமங்கலியாகத்தான், மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து அனுப்பினோம். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

புத்தகத்துக்காக முதல் கூட்டம் போட்டபோது அது மறுபடியும் கிளம்பியது. குடும்பங்களின் பட்டியலைக் கிராணி வாசித்தார். எங்கள் வீடு வந்ததும் நிறுத்தி, அம்மாவுக்கு அமரர் போட வேண்டும், அப்பாவுக்கு என்ன போடுவது என்று கேட்டார்.

"அவருக்கும் போட்ருவோமே," என்றார் சித்தப்பா. "எத்தன வருஷமாச்சு. தகவல் ஒன்னும் இல்ல."

எனக்குச் சுருக்கென்றது. "தகவல் இல்லன்னா செத்துட்டார்னு அர்த்தமா சித்தப்பா? ஒங்களுக்கு யாரு சொன்னா?"

அவர் கிராணியிடம் அடுத்த வீட்டை வாசிக்கச் சொன்னார். அந்த அவசரம் எனக்குப் பிடிக்கவில்லை. அப்பாவுக்கு அமரர் போட்டால், அம்மா விதவையாக இருந்துகொண்டே பொட்டு வைத்துத் திரிந்தாள் என்று குழாயடிக் கூட்டம் பேசும். அதைவிட, பொட்டில்லாமல் அம்மாவின் படம் வந்தால் பேச்சே வேண்டாம். அம்மா இத்தனை வருஷம் காப்பாற்றி வைத்த ஒன்றை நான் அச்சில் தொலைக்கத் தயாராக இல்லை. இந்தப் புத்தகத்தில் எனக்கு இருந்த அக்கறையெல்லாம் அந்த ஐந்து காசு வட்டம்தான்.

அடுத்த சண்டை, எதில் அடிப்பது என்று. புதிதாக வந்த பெரிய போட்டோஸ்டேட் மெஷின் வைத்திருந்த கடையைக் கிராணி சொன்னார். நூற்றைம்பது பிரதி வேண்டுமென்றால் நூற்றைம்பதுதான் எடுப்பார்கள், கண் முன்னாலேயே எடுத்துத் தருவார்கள், அசல் படம் கையை விட்டுப் போகாது. சித்தப்பா ஆப்செட் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். அவர் பேப்பர் ஏற்றிப் போகிற அச்சகம் ஒன்று இருந்தது, சீனருடையது.

"புத்தகம்னா புத்தகமா இருக்கணும்லா," என்றார். "போட்டோஸ்டேட்டுல முகம் வராது. கரி பூசின மாதிரி இருக்கும். படத்தையெல்லாம் எங்கிட்ட குடுங்க, நான் கொண்டு போறேன்."

படத்தையெல்லாம் என்னிடம் கொடுங்கள் என்றதும் எனக்கு மூக்கில் வேர்த்தது. அச்சகத்தோடு இவருக்கு என்ன உறவு? அப்பாவுக்கு அமரர் போடச் சொன்னவர் எதற்காக எங்கள் படத்தைத் தானே கொண்டு போக வேண்டும்? நான் கிராணி பக்கம் சாய்ந்தேன். போட்டோஸ்டேட்டில் எனக்கு நம்பிக்கை இருந்தது என்று இல்லை. சித்தப்பாவிடம் நம்பிக்கை இல்லை, அவ்வளவுதான்.

எங்கள் படத்தைப் புடவைத் தலைப்பில் மூடி எடுத்துக்கொண்டு போட்டோஸ்டேட் கடைக்குப் போனேன். கண்ணாடிமேல் கவிழ்த்து வைத்தார்கள். பச்சை வெளிச்சம் ஒரு தடவை ஓடியது. வெளியே வந்த தாள் சூடாக இருந்தது. அப்பாவின் சட்டை அருமையாக வந்திருந்தது. அப்பாவைக் காணோம். கழுத்துக்கு மேலே அடிப்பிடித்த சட்டியின் அடிபோல ஒரு கறுப்பு, அதில் இரண்டு கண். அம்மாவும் அப்படியே. பொட்டு அந்தக் கறுப்பில் எங்கோ போயிருந்தது. கொஞ்சம் வெளுப்பாக வை என்றேன். திருகினார்கள். இந்த முறை அம்மாவின் முகம் வந்தது, மூக்குத்திகூடத் தெரிந்தது. நெற்றி மட்டும் துடைத்துவிட்ட மாதிரி வெறுமையாக இருந்தது. ஏழு தாள் எடுத்துப் பார்த்தோம். முகம் வந்தால் பொட்டு வரவில்லை, பொட்டு இருக்க வேண்டிய இருட்டு வந்தால் முகம் வரவில்லை. அப்பாவையும் அம்மாவையும் போலக் கறுத்தவர்களுக்கு அந்த மெஷினில் இடம் இல்லை.

வேறு வழியில்லாமல் ஆப்செட்டுக்கு ஒப்புக்கொண்டேன். ஆனால் சும்மா விடவில்லை. எல்லாப் படத்துக்கும் பின்னால், யாருக்கும் தெரியாத ஒரு மூலையில், பென்சிலால் ஒரு குறி போட்டு வைத்தேன், மாற்றிக் கொடுத்தால் கண்டுபிடிக்க. படத்தின் கீழ் வரவேண்டிய வரிகளைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துத் தட்டச்சுப்பொறியில் நானே அடித்தேன். எங்கள் படத்துக்குக் கீழே அம்மாவுக்கு அமரர் போட்டேன். அப்பாவின் பெயருக்கு முன்னால் ஒன்றும் போடவில்லை. அதைக் கிராணியிடம் காட்டிவிட்டுச் சித்தப்பாவிடம் காட்டாமல் உறையில் போட்டு ஒட்டினேன். இவ்வளவும் செய்தவள், உறையைச் சித்தப்பாவின் லாரியில்தான் ஏற்றி அனுப்ப வேண்டியிருந்தது. ஆபீஸில் எனக்கு லீவு கிடைக்கவில்லை.

பத்து நாள் கழித்து ஒரு சனிக்கிழமை, அரை நாள் வேலை முடிந்து வரும்போது, ஆபீஸ் கீழே கொப்பிக் கடையில் சித்தப்பா காத்திருந்தார். மேஜைமேல் ஒரு பெரிய தாள், நாலாக மடித்தது. மாதிரிக்காக முதல் தாளை மட்டும் அடித்துக் கொடுத்திருந்தார்கள். அதில் நான்கு பக்கம். மூன்றில் கிராணி எழுதிய முன்னுரை. நான்காவதில் எங்கள் படம்.

முகம் அழகாக வந்திருந்தது. அதில் பொய் சொல்ல மாட்டேன். அப்பாவின் மீசையை முடி முடியாக எண்ணலாம். அம்மாவின் நெற்றியைப் பார்த்தேன். பொட்டு இருந்த இடத்தில், அதே அளவில், ஒரு வெள்ளை வட்டம்.

வெறும் நெற்றியாக இருந்திருந்தாலாவது அச்சுக் கோளாறு என்று நினைத்திருப்பேன். இது திருநீறு வைத்த மாதிரி இருந்தது. எங்கள் லயத்தில் புருஷனைப் பறிகொடுத்தவர்கள் அப்படித்தான் வைத்துக்கொள்வார்கள். அம்மாவை யாரோ உட்கார வைத்துக் குங்குமத்தை அழித்துத் திருநீறு இட்டிருந்தார்கள். அந்த யாரோ எனக்கு எதிரே உட்கார்ந்து கொப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

தாளை அவர் பக்கம் தள்ளினேன். "சொல்லித்தானே செய்ய வச்சீங்க?"

அவர் பார்த்தார். கோப்பையைக் கீழே வைத்தார், தட்டில் வைக்காமல் மேஜையில் வைத்தார்.

"அமரர் போடலன்னதும் இந்த வழியாச்சும் பாப்போம்னு செஞ்சீங்க," என்றேன். "எங்கம்மா தாலி அறுத்தவன்னு ஊருக்குக் காட்டணும் ஒங்களுக்கு. எல்லாம் எனக்குத் தெரியும் சித்தப்பா."

எல்லாம் தெரியும் என்பது சும்மா சொன்னது. வக்கீல்கள் அப்படித்தான் கேட்பார்கள்; எதிரில் இருப்பவர் தானாக உளறுவார். நான் எதிர்பார்த்தது, அச்சகத்துக்காரனிடம் ஏதோ சொன்னேன் என்று ஒரு வார்த்தை. அவர் கேட்டது வேறு.

"அந்தக் கடுதாசி ஒனக்கு எப்படிமா கெடச்சுது?"

எந்தக் கடுதாசி என்று நான் கேட்கவில்லை. கேட்டால் நிறுத்திவிடுவார் என்று தெரியும். என் கொப்பியைக் கலக்கிக்கொண்டிருந்தேன்.

"நான் கிழிச்சுப் போட்டேனே," என்றார். "ஊர்லேர்ந்து பங்காளி ஒருத்தன் எழுதினான், லாரிக் கம்பெனி விலாசத்துக்கு. அண்ணன் போயிட்டாரு, காமாலைன்னு. எனக்கு வந்து சேர்றப்பவே ஒரு மாசம் ஆயிருச்சு. இங்க ஆத்தங்கரையில காரியம் பண்ணி மொட்ட போட்டேன். மறுநாளே சொல்லலாம்னுதான் தோட்டத்துக்கு வந்தேன்."

அவர் வந்த நாள் எனக்கு நினைவு வந்தது. பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்து வேலை தேடிக்கொண்டு வீட்டில் இருந்தேன். வாரத்தின் நடுவில் ஒரு நாள், கையில் பிஸ்கட் டின்னும் தலையில் தொப்பியுமாகச் சித்தப்பா வந்து நின்றார். சாப்பிட உட்கார்ந்தபோது தொப்பியை எடுத்தார். மொட்டை. தைப்பூசத்துக்கு மாதக்கணக்கில் இருந்தது. நேர்த்திக்கடன் என்றார். கடன் கேட்க வந்திருக்கிறார், வாய் வரவில்லை என்று அன்றைக்கு நான் முடிவு கட்டினேன். என் சந்தேகத்தின் லட்சணம் அது. பக்கத்தில் இருப்பதை விட்டுவிட்டு எங்கேயோ போய் மோப்பம் பிடிக்கும்.

"அண்ணி அப்பதான் வெட்டு முடிச்சிட்டு வந்தாங்க," என்றார் சித்தப்பா. "வேர்த்து ஊத்துது. பொட்டு அப்படியே இருக்கு. ஒக்காருங்க தம்பி, சாப்பிட்டுப் பேசலாம்னாங்க. சோறு போட்டாங்க. நான் சொல்லிட்டேன்னா, அந்தக் கொழாயடிப் பொம்பளைங்கதானே வந்து அழிப்பாங்க. நெனச்சுப் பாத்தேன். சாப்பிட்டேன், வந்துட்டேன். அடுத்த வாட்டி சொல்லலாம்னு. அடுத்த வாட்டியும் முடியல. அவங்க போனதுக்கப்பறம் ஒனக்குச் சொல்லணும்னு பாத்தேன், ஒன்னப் பாத்தா பயமா இருக்கு. புத்தகத்துல அமரர்னு வந்துட்டா தானா தெரிஞ்சு போகும், வாயத் தொறக்க வேணாம்னு நெனச்சேன்." தாளைத் தொட்டார். "ஆனா இத நான் செய்யலமா. அண்ணி நெத்தியில கை வைக்க எனக்கு எப்படி மனசு வரும்?"

அழ வேண்டும் என்று தோன்றவில்லை. கோபம்தான் வந்தது. அப்பா செத்து இத்தனை வருஷம், ஒரு நாள்கூட நான் அழவில்லையே, அந்த உரிமையை இவர் எடுத்துக்கொண்டாரே என்று. கொப்பியைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன். அவர் சொன்னதில் கடைசி வரியை மட்டும் நான் நம்பவில்லை.

திங்கட்கிழமை உடம்பு சரியில்லை என்று ஆபீஸுக்குச் சொல்லிவிட்டு நேராக அச்சகத்துக்குப் போனேன். உள்ளே, அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேஜை முன்னால் ஒரு சீனர் குனிந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். கண்ணில் உருப்பெருக்கி, கையில் மெல்லிய தூரிகை. படத்தைக் கேமராவில் பிடித்து பிலிமாக்கிச் சுத்தம் பண்ணுகிறவர் அவர்தான். மாதிரித் தாளைக் காட்டி, என் சித்தப்பா வந்து இந்த நெற்றியைப் பற்றி என்ன சொன்னார் என்று மலாயில் கேட்டேன். லாரிக்கார அண்ணன் உறையைக் கொடுத்தார், போனார், வேறென்ன என்றார். நம்பாமல் நின்றேன். அவர் பொறுமையாக மற்ற நெகட்டிவ்களையும் எடுத்துக் கண்ணாடிமேல் பரப்பினார்.

எங்கள் தோட்டம் முழுவதும் அங்கே தலைகீழாகக் கிடந்தது. கறுத்த முகமெல்லாம் வெளுப்பு, வெள்ளை வேட்டியெல்லாம் கறுப்பு. ஒவ்வொரு பெண்ணின் நெற்றியிலும், குழாயடியில் பேசியவர்கள் உட்பட, ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது. அவர் தூரிகையால் வைத்தது. நெகட்டிவில் பொட்டு கண்ணாடி ஓட்டைபோல வெளிச்சம் விடும். பழைய படங்களில் பூஞ்சணம் பிடித்த புள்ளிகளும் அப்படியே. அந்த ஓட்டையைச் சிவப்பு மையால் அடைத்துவிட்டால் வெளிச்சம் போகாது, தாளில் அந்த இடம் மை பிடிக்காது.

"கோத்தோர்," என்றார், அழுக்கு என்று. "ஈரத்தில் கிடந்த படம், எல்லாவற்றிலும் புள்ளி. எல்லாவற்றையும் அடைத்தேன்."

இந்தியப் பெண்கள் நெற்றியில் பொட்டு வைப்பது உங்களுக்குத் தெரியாதா, தினமும் தெருவில் பார்க்கிறீர்களே என்றேன். அவருக்கு அப்போதுதான் உறைத்தது. தலையில் கை வைத்துக்கொண்டார். "நெகட்டிவில் இந்தியர் ஏது, சீனர் ஏது," என்றார். "நான் முகத்தைப் பார்ப்பதில்லை. புள்ளியைத்தான் பார்ப்பேன்."

ஆக, ஒருவரும் ஒரு சதியும் செய்யவில்லை. அவர் ஒவ்வொரு பெண்ணுக்கும் சிவப்புப் பொட்டு வைத்திருக்கிறார். அதுதான் தாளில் திருநீறாக விழுந்திருக்கிறது. சித்தப்பாவின் கடைசி வரியும் உண்மைதான்.

துடைத்தால் போய்விடும் என்று ஒரு கிண்ணத்தில் தண்ணீரும் பஞ்சும் கொண்டுவந்து வைத்தார். மற்றவர்களுடையதை அவரே துடைக்க ஆரம்பித்தார். எங்கள் படத்தை நான் துடைக்கிறேன் என்று வாங்கிக்கொண்டேன். பஞ்சை நனைத்துப் பிழிந்தபோதுதான் நான் என்ன செய்யப் போகிறேன் என்று தெரிந்தது. புருஷன் செத்த சேதி வந்த வீட்டில் பெண்கள் கூடி, ஈரத் துணியால் செய்வது இதைத்தான். இதற்குப் பயந்துதான் சித்தப்பா வாயைக் கட்டிக்கொண்டு சோறு தின்றுவிட்டுப் போனார்.

அந்தச் சாப்பாட்டில் இன்னொன்றும் அப்போது நினைவு வந்தது. மொட்டையைப் பார்த்ததும் அம்மா, "எந்தக் கோயிலுக்குத் தம்பி?" என்று கேட்டாள். பெரிய கோயிலுக்கு என்றார் அவர். அம்மா ஒன்றைக் கேட்டால் அதிலிருந்து ஒன்பது கேட்பவள். இந்தப் புத்தி எனக்கு அவளிடமிருந்துதான் வந்தது. அன்றைக்கு அந்த ஒரு கேள்வியோடு நிறுத்தினாள். இன்னொரு கரண்டி சோறு போட்டாள். பிறகு சமையல் பக்கம் போய், நெடுநேரம் வரவில்லை. மறுநாள் விடியுமுன் கண்ணாடியை எடுத்து வழக்கம்போல் பொட்டு வைத்துக்கொண்டாள்.

நெகட்டிவின்மேல் குனிந்து அம்மாவின் நெற்றியிலிருந்து சிவப்பைத் துடைத்தேன். மெதுவாகத்தான் கரைந்தது. கரைந்த இடத்தில் அடியிலிருந்து வெளிச்சம் வந்தது. அப்போதுதான் அழுதேன். சீனர் எழுந்து கதவுப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

கீழே இருந்த வரியை மாற்றியடிக்க வேண்டுமா என்று போகும்போது அவர் கேட்டார். வேண்டாம் என்றேன்.

திருவிழாவன்று புத்தகம் வந்தது. எல்லாப் பெண்களும் பொட்டோடு இருந்தார்கள். அம்மாவுடையது ஐந்து காசு அகலத்தில் கறுப்பாக, தெளிவாக விழுந்திருந்தது. அப்பாவின் பெயருக்கு முன்னால் ஒன்றும் இல்லை. அந்தப் புத்தகத்தில் தெரிந்தே அச்சான பொய் அது ஒன்றுதான். அதை அச்சுக்குக் கொடுத்தவள் நான்.

சித்தப்பா அந்தப் பக்கத்தை விரித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமல், "அண்ணிக்கு அப்பவே தெரிஞ்சிருக்குமோ?" என்றார்.

"தெரியாது சித்தப்பா," என்றேன்.